குருவி அக்கவுண்ட்

இது பட்டப்பகலில் நடந்தது. எட்டு ட்யூப்லைட் எரியும் ஆபீசில், சுற்றிலும் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது நடந்தது. இருட்டில் எதையோ பார்த்து மிரண்டுவிட்டாள் என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வர வேண்டாம். பயந்தது உண்மைதான். ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். அது இன்னும் ஆறவில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய பழைய மென்பொருள்கள் இருக்கும். எழுதியவர்கள் போய்விடுவார்கள். அடுத்து வருகிறவரின் கணினியில் அது திறக்காது. திறந்தாலும் நூறு இடத்தில் சிவப்புக் குறி காட்டும். அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் கோளாறு வொர்க்ஸ்பேஸில் இருக்கும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, துணை நிரல்களான லைப்ரரிகளை எங்கிருந்து எடுப்பது என்று, நிரல் எழுதும் எடிட்டர் தனக்காகக் குறித்துவைக்கும் ஃபோல்டர் அது. அதில் குழப்பம் வந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். பேய் ஓட்டுவது என்று எங்கள் ஆட்கள் இதைக் கிண்டலாகச் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆபீஸ் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ரிப்பேர். மூச்சு வாங்க ஏறிப்போனால் மேலாளர் வாசலிலேயே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்க மேடம். சின்ன வேலைதான். ஆஸ்பத்திரியில குழந்தைங்களுக்கு மருந்து ஏத்துற பம்ப் இருக்கில்ல, அதுக்கான சாஃப்ட்வேர். பழைய மெஷின் போன வாரம் புகைஞ்சு போச்சு. புதுசுல திறக்க மாட்டேங்குது. நாலு மணிக்கு ரிலீஸ் போயாகணும்."

மூலையில் இருந்த மேசையைக் காட்டினார். மற்ற மேசைகளில் இடித்துக்கொண்டு இரண்டிரண்டு பேர் உட்கார்ந்திருக்க, அது மட்டும் காலியாகக் கிடந்தது. நாற்காலியின் குஷன் நடுவில் அமுங்கிக் குழிந்திருந்தது. உட்கார்ந்ததும் கிராம்பு வாசனை வந்தது. யாரோ பல்வலிக்காரர் பக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

குஷன் சூடாக இருந்தது.

மேசைமேல் ஒரு தாள் செல்லோ டேப்பில் ஒட்டியிருந்தது. புதிதாக வருகிறவர்கள் செய்ய வேண்டியவை. முதல் வரியே என்னை எரிச்சல்படுத்தியது: 'கணினியில் குருவி என்ற பெயரில் அக்கவுண்ட் தொடங்கவும். வேறு பெயரில் திறக்காது.'

விஷயம் இதுதான். குருவி என்று யாரோ ஒருவர் தன் கணினியில் இந்த ப்ராஜெக்டை அமைத்திருக்கிறார். லைப்ரரிகள் எல்லாம் அவருடைய ஃபோல்டரில், அவர் பெயருக்குக் கீழே இருந்தன. அந்த முகவரி அப்படியே ப்ராஜெக்டுக்குள் பதிந்துவிட்டது. மாற்ற அரைமணி நேரம் போதும். அந்த அரைமணிக்குச் சோம்பல்பட்டு, வருகிறவர்கள் எல்லாரையும் பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் யார் வேலை கொடுக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து மேசையைப் பார்த்தேன். அங்கே இருந்த பெண்மணியை எல்லாரும் டெஸ்டிங் அக்கா என்று கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும்.

"யாருக்கா இந்தக் குருவி?"

"இங்க வேலை பார்த்தவர். ஒல்லியா இருப்பார். அதான் அந்தப் பேரு."

"இப்ப எங்க இருக்கார்?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இல்ல" என்றாள்.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. குருவி அக்கவுண்ட் தொடங்கவும் இல்லை. என் பெயரில் லாகின் செய்தேன், முகவரிகளைத் திருத்தினேன், வொர்க்ஸ்பேஸைத் துடைத்துவிட்டு ப்ராஜெக்டை மறுபடி உள்ளே இழுத்தேன். நூற்றுச் சொச்சம் சிவப்புக் குறிகளும் மளமளவென்று மறைந்தன.

ஒன்றைத் தவிர.

அதைக் கிளிக் செய்தேன். என்ன தவறு என்று ஒரு வாக்கியம் வர வேண்டும். எதுவும் வரவில்லை. 214ஆம் வரி என்று மட்டும் இருந்தது. போய்ப் பார்த்தால் அந்த வரி காலி.

சர்வரில் இருந்த மூலப் பிரதியோடு ஒப்பிட்டேன். அங்கே 214ஆம் வரியில், 'இந்த டெஸ்டை ஓட்டாதே' என்று பொருள்படும் கட்டளை இருந்தது. மென்பொருள் சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று தானே சோதித்துக்கொள்ளும் பகுதியைத்தான் டெஸ்ட் என்போம். அது தோற்றால் ரிலீஸ் நின்றுவிடும். அதனால் அவசரத்தில் சிலர் அதை அணைத்துவிடுவார்கள். நானும் யோக்கியம் இல்லை. போன மாதம்கூட ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் தீ எச்சரிக்கை மணிக்கான மென்பொருளில் ஒரு டெஸ்டை அணைத்திருந்தேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

என் பிரதியில் மட்டும் அந்தக் கட்டளை எப்படிப் போனது? திரும்பப் போட்டுச் சேமித்தேன். சிவப்புக் குறி போனது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால் மறுபடி இருந்தது. வரி காலி. எடிட்டரைத் திட்டினேன். வொர்க்ஸ்பேஸை முழுதாக அழித்துவிட்டு இன்னொரு தரம் முதலிலிருந்து தொடங்கினேன். கட்டளையைப் போட்டுவிட்டு, இந்தத் தடவை கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தேன்.

கர்சர் நகர்ந்தது.

வரியின் கடைசிக்குப் போய் நின்றது.

ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து அழிந்தது. ஒவ்வொன்றுக்கும் டொக், டொக் என்று கீ அமுங்கும் சத்தம் கேட்டது. என் கீபோர்டில் ஒரு கீகூட அசையவில்லை.

முதுகுக்குப் பின்னால் யாரோ வறட்டு இருமல் இருமினார்கள்.

திரும்பினேன். சுவர்தான் இருந்தது. கிராம்பு வாசனை மூக்கைக் குத்தியது.

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் எனக்குப் பயம் வந்தால் கூடவே ஒரு பிடிவாதமும் வரும். இந்த டெஸ்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அதை ஓட்டினேன். தோற்றது. மூன்று கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கான கணக்கு அது. மணிக்கு 0.4 மில்லி மருந்து போக வேண்டும். மென்பொருள் 4 என்றது.

பத்து மடங்கு.

டெஸ்டிங் அக்காவை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கேட்பதற்கு முன்னாலேயே அவள் கண் கலங்கிவிட்டது.

"அந்த டெஸ்டை எழுதினதே அவர்தாம்மா" என்று கிசுகிசுத்தாள். "கணக்கு தப்பு, சரிபண்ணாம அனுப்ப மாட்டேன்னு இருமலுக்குக் கிராம்பை மென்னுக்கிட்டே ஒரே பிடியா நின்னார். மேலாளர் கத்துன கத்துல ஆபீசே அதிர்ந்துது. பதினெட்டு மாசத்துக்கு முன்னாடி, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்த நாற்காலியிலயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சிட்டார்."

"அப்புறம்?"

"திங்கக்கிழமை ரிலீஸ் போச்சு. அவர் அக்கவுண்ட்லேர்ந்து."

மென்பொருளை அனுப்புவதற்கான பொட்டலமாகக் கட்டுவதுதான் பில்ட். அப்போது யார் செய்தது என்று அக்கவுண்ட் பெயர் பொட்டலத்தில் தானாகப் பதியும்.

"பத்து நாள்ல ஒரு குழந்தை போயிருச்சு. பிறந்து பதினோரு நாள்தான். விசாரணையில யார் பில்ட் பண்ணதுன்னு பார்த்தாங்க. குருவின்னு இருந்துது. செத்தவர்தானே, அவர் மேலயே போட்டுட்டாங்க. அவர் மனைவியைக் கூப்பிட்டு, உங்க வீட்டுக்காரரோட கவனக்குறைவுன்னு வாசிச்சுக் காட்டினாங்க."

"தேதியை யாருமே பார்க்கலையா?"

"நான் பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"எனக்கு ரெண்டு பிள்ளைங்கம்மா. இந்த வேலையும் போச்சுன்னா..."

அவளை அறையலாம் போல இருந்தது. பக்கத்து மேசையில் உட்கார்ந்து பதினெட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. "கணக்கையாவது சரிபண்ணினாங்களா?" என்று கேட்டேன்.

"அந்த ஒரு ஆஸ்பத்திரியில மட்டும் சின்னக் குழந்தைங்களுக்குக் கையால அளவு வைக்கச் சொல்லிட்டாங்க. இன்னைக்குப் போறது வேற ஒன்பது ஆஸ்பத்திரிக்கு."

ஒன்பது ஆஸ்பத்திரிக் குழந்தைகள். நாலு மணிக்கு.

மூன்றரைக்கு மேலாளர் வந்து நின்றார். கணக்கு தப்பு என்றேன். சரிசெய்து சோதிக்க ஒரு வாரமாவது வேண்டும் என்றேன். அவர் கொட்டாவி விட்டார். சத்தியமாகக் கொட்டாவிதான் விட்டார்.

"உங்களைத் திறந்து குடுக்கத்தான் கூப்பிட்டேன் மேடம், கணக்குப் பார்க்க இல்ல. அந்த லைனைப் போட்டுட்டு குருவி அக்கவுண்ட்ல ஒரு பில்ட் பண்ணுங்க, போதும்."

"ஏன் குருவி அக்கவுண்ட்? இப்பதான் எந்தப் பேர்லயும் திறக்குமே. உங்க பேர்ல பண்ணுங்க."

அவர் முகம் கறுத்தது.

"அது இங்க வழக்கம்."

"வழக்கமா? செத்த மனுஷன் பேர்ல ஒளிஞ்சுக்கிறதுக்குப் பேரு வழக்கமா? வெட்கமா இல்ல உங்களுக்கு?"

"நீங்க எந்திரிங்க. நானே பண்ணிக்கிறேன்."

எழுந்தேன். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் லேசாகத் துள்ளி எழுந்து, குஷனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். குருவி என்று அக்கவுண்ட் தொடங்கினார். எடிட்டரைத் திறந்தார். ஒரு செய்தி வந்தது.

'இந்த வொர்க்ஸ்பேஸை ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்.'

வழக்கமாக வரும் செய்திதான். எடிட்டர் பாதியில் நின்றுபோனால் ஒரு பூட்டுக் கோப்பு மிச்சமிருக்கும்; அதை அழித்தால் சரியாகிவிடும். அழித்தார். திறந்தார்.

'ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்.'

"யாருய்யா உள்ள இருக்கிறது? லாக் அவுட் பண்ணுங்க எல்லாரும்!"

யாரும் உள்ளே இல்லை. எல்லாரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருமல் சத்தம் கேட்டது. இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. டெஸ்டிங் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது தடவை திறந்தது.

அவர் கட்டளையைப் போட்டார். அந்த இருமலைக் கேட்ட பிறகும் போட்டார். அந்த மனிதரை நான் மன்னிக்க முடியாததற்கு இதுதான் காரணம். பில்ட் ஓடியது. பொட்டலம் தயாரானது. கடைசி வரியில் பில்ட் செய்தவர் பெயர் வந்தது.

குருவி இல்லை.

மேலாளரின் முழுப் பெயர். அவருடைய அப்பா பெயரின் முதலெழுத்து உட்பட.

அழித்துவிட்டு மறுபடி செய்தார். அதே பெயர். சர்வரில் பழைய பொட்டலங்களின் பட்டியலைத் திறந்தார். பதினெட்டு மாதமாக வரிசையாகக் குருவி, குருவி என்று இருந்தது. எங்கள் கண் முன்னாலேயே, கீழேயிருந்து மேலாக, ஒவ்வொன்றாக மாறியது. டொக். டொக். டொக். குழந்தையைக் கொன்ற அந்தத் திங்கட்கிழமைப் பொட்டலம் கடைசியாக மாறியது. நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. 'அனுப்பு' என்ற பொத்தானுக்கு மேலேயே அவர் விரல் நின்றது. பதினெட்டு மாதம் அடுத்தவன் பெயரில் கூசாமல் அழுத்திய விரல். இப்போது இறங்கவில்லை.

"ஒரு வாரம் டைம் குடுங்க சார்" என்றார் போனில். "கணக்குல ஒரு சின்ன... பிரச்சினை இருக்கு."

அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

நான் படங்களை எடுத்துக்கொண்டு இறங்கினேன். டெஸ்டிங் அக்கா பின்னாலேயே படியில் ஓடிவந்து, குருவியின் மனைவியுடைய நம்பர் எழுதிய சீட்டை என் கையில் திணித்தாள். தெருவில் நின்றபடியே கூப்பிட்டேன். நான் யார் என்று சொல்லி, தேதியைச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை செத்தவர் திங்கக்கிழமை எப்படி வேலை செஞ்சிருப்பார்னு நான் அன்னைக்கே கேட்டேன்மா" என்றார் அந்த அம்மா. குரலில் அழுகை இல்லை, கொதிப்புதான் இருந்தது. "அழுகையில உளர்றேன்னு சொல்லித் தண்ணி குடுத்து அனுப்பிட்டாங்க."

படங்களை அவருக்கும் விசாரணை நடத்தியவர்களுக்கும் அன்றைக்கே அனுப்பிவிட்டேன். விசாரணையை மறுபடி தொடங்குகிறார்கள். சாட்சி சொல்வதற்கு டெஸ்டிங் அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான், குருவிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, போய்விடுவார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை என் வீட்டில், காபியோடு என் சொந்த லேப்டாப்பில் எடிட்டரைத் திறந்தேன். அந்த ஆபீசின் கோப்பு எதையும் நான் இதில் ஏற்றியதில்லை.

'இந்த வொர்க்ஸ்பேஸை ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்.'

பூட்டுக் கோப்பை அழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தானாகவே திறந்துகொண்டது. உள்ளே ஒரே ஒரு சிவப்புக் குறி.

தீ எச்சரிக்கை மணி.

போன மாதம் நான் அணைத்துவைத்த டெஸ்ட். அந்தக் கட்டளை இருந்த வரி காலியாக இருந்தது.

அந்தக் கட்டடத்தில் அறுபது குடும்பங்கள் இருக்கின்றன. நான் கட்டளையைத் திரும்பப் போடவில்லை. டெஸ்டை ஓட்டினேன். தோற்றது. ஏழாவது மாடியில் மணி அடிக்காது.

சாயங்காலம்வரை உட்கார்ந்து அதைச் சரிசெய்தேன். நடுவில் ஒரு தடவை சோம்பல்பட்டு, மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடப்போனேன்.

காதுக்குப் பக்கத்தில் இருமல் கேட்டது.