ஈரம் காயாத பாத்தி

சிறுமி குருவிக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. தெருக்குழாயிலிருந்து ஏழு குடம் சுமந்தால் பின்னே என்ன செய்யும்? இளவேனில் பிறந்தும் ஒரு பொட்டு மழை இல்லை. தோட்டத்து மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

வேலியோர மூலைப் பாத்தி மட்டும் ஈரமாயிருந்தது.

"நீ ஊத்தினியா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"குளிக்கவே சோம்பல்படுறவன், செடிக்கு ஊத்துவேனா?"

அதுவும் சரிதான்.

பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவி வைத்தாள். காலையில் பார்த்தால், சாம்பலில் பூனைத் தடம்கூட இல்லை. ஈரம் கூடியிருந்தது. பூசணிக்கொடி ஒரு சாண் நீண்டிருந்தது.

மண்ணில் காது வைத்தாள்.

"உஸ்ஸ்ஸ்..."

உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள்! குருவிக்கு மயிர்க்கால் சிலிர்த்தது.

"யார்கிட்டயும் சொல்லாதண்ணா! சொன்னா அது போயிடும்."

பாதி பயம். அந்தப் பாத்திக்கு ஊற்றும் இரண்டு குடம் மிச்சம் என்ற ஆசை மீதி.

எட்டாம் நாள், தெருக்கோடித் தையல்கார அத்தை வாசலில் வந்து உட்கார்ந்தார். காலிரண்டும் வீங்கியிருந்தன.

"ஒரு வாரமா எங்க முனைக் குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. இங்க வந்து சுமந்து சுமந்து காலு போச்சு. திருகினா உஸ்ஸ்னு மூச்சுதான் வருது. பேய் கீய் குடிவந்துடுச்சோ என்னவோ!"

குருவி வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதே மூச்சு! முனைக் குழாய்க்குத் தண்ணீர் இந்த வேலியோர மண்ணுக்கடியில்தானே போகிறது?

கொத்தனாரான அப்பாவிடம் ஓடினாள். அவர் கடப்பாரையை எடுத்தார்.

"தோண்டினா உன் பூசணி போயிடும் பாப்பா."

கொடியில் மூன்று பூ விட்டிருந்தது. குருவி ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள்.

"தோண்டுங்கப்பா."

இரண்டடி ஆழத்தில் குழாய் விரிசல் விட்டு, தண்ணீர் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"எட்டு நாளா."

"வாயில என்ன பூட்டா போட்டிருந்தே?"

குழாய்க்காரர் வந்து அடைத்துவிட்டுப் போனார். மறுநாள் அத்தை வீட்டுக் குடத்தைக் குருவியே எடுத்தாள்.

"தண்ணிதான் வந்துடுச்சேடி!"

"உங்க கால் வீக்கம் போகலையே அத்தை. எட்டு நாள் நான்தான் சுமப்பேன்."

திரும்பி வந்து மூடிய குழியில் காது வைத்தாள். சத்தமே இல்லை. அந்த மௌனம் முன்பு கேட்ட மூச்சைக் காட்டிலும் பயமாயிருந்தது.

தோளைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாள். அத்தைக்கு இன்னும் ஏழு நாள் தண்ணீர் பாக்கி.