அக்சூ கரையில் ஒற்றை ஷூ!

டிர்ர்ர்ர்... டிர்ர்ர்ர்...

போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி செல்போனை எடுத்தாள் இன்ஸ்பெக்டர் கனிஷாய்.

"ஹலோ?"

"நான் கல்மாத் பேசறேம்மா. சம்சாக் கடை கல்மாத்." குரல் நடுங்கியது. "என் பெண்டாட்டி புர்மாகான் வீட்ல இல்லம்மா!"

"அக்கா சந்தைக்குப் போயிருப்பாங்க அண்ணே."

"ஆத்தங்கரையில அவ சிவப்புத் தலைக்குட்டை கெடக்கு. ஒத்த ரப்பர் ஷூ கெடக்கு. ஆளு இல்ல!"

தூக்கம் பறந்தே போனது!

யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு ஓடினாள். வாசலில் குவிந்து கிடந்த ரப்பர் ஷூக்களில் ஒன்று காலில் இடறி உருண்டது. எடுத்து வைக்க நேரமில்லை.

"டீ குடிக்காம எங்கடி ஓடுற?" உள்ளேயிருந்து மாமியார்.

"புர்மாகான் அக்காவக் காணோம் அத்தை! ஆத்துல தேடணும்!"

"நல்லாத் தேடு! ஊரையே கூட்டிக்கிட்டுத் தேடு!"

ஜீப் சீறியது.

நேற்று மாலைதான் புர்மாகான் ஸ்டேஷனுக்கு வந்து மேஜையைத் தட்டியிருந்தாள்.

"சாயப் பட்டறை ஓமுர்பெக் கம்பளிச் சாயத்த எல்லாம் ஆத்துல விடறான். எங்க வாத்தெல்லாம் நீலமாப் போச்சு. புடிச்சு உள்ள போடு!"

"ஆதாரம் வேணும்கா. சாயம் எந்த வழியா வருதுன்னு காட்டுங்க."

"அவன் பட்டறைக்குப் பின்னாடி மலையாட்டம் குப்பை. அதுக்கு அடியில குழாய் இருக்கு."

"அப்ப குப்பையை எடுங்க."

"நானும் என் வீட்டுக்காரரும் ரெண்டு கையால எடுத்தா நான் சாகற அன்னிக்குத்தான் முடியும்! ஊரே கூடி வேலை செய்யலாம், வாங்கன்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் கத்தறேன். ஒருத்தனுக்கு முதுகுவலி. ஒருத்தனுக்கு ஆடு வலி!"

கனிஷாய் சிரித்து அனுப்பிவிட்டாள்.

இப்போது அந்தச் சிரிப்பே அவளைக் குத்தியது. அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் தன்னை மன்னிக்கவே முடியாது!

அக்சூ என்றால் வெள்ளைத் தண்ணீர். பெயரில் மட்டும்தான்! கரையில் நின்று பார்த்தால் பேனா மை.

தலைக்குட்டை கிடந்தது. ஷூ கிடந்தது. ஷூவின் முனையில் சைக்கிள் ட்யூபில் ஒட்டுப் போட்டிருந்தது. கஞ்சத்தனத்தில் புர்மாகானை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஓமுர்பெக்தான் பண்ணியிருப்பான்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "போன வாரம் சந்தையில 'நீ ஆத்துலதான் மிதப்பே'ன்னு மெரட்டினானே!"

சேதி காட்டுத்தீ மாதிரி பரவியது. முதுகுவலிக்காரன் வந்தான். ஆடு வலிக்காரன் ஆட்டை விட்டுவிட்டு வந்தான். டிராக்டர் வந்தது. கொக்கி வந்தது, கயிறு வந்தது. ஆற்றைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டபோது எட்டிப் பார்க்காத ஊர், பிணம் என்றதும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றது! கனிஷாயும் அவர்களோடு இறங்கினாள்.

"இங்க ஏதோ தட்டுப்படுது!"

எல்லோரும் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள்.

வந்தது... ஒரு ஃப்ரிட்ஜ்!

அடுத்து டயர்கள். உடைந்த தொட்டில். கார்க் கதவு. டீக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் ஒரு சமோவார்.

"ஐயோ, இது நம்ம கல்யாணத்துக்கு வந்த சமோவார்!" ஒருத்தி கூவினாள்.

"நீதானேடி என் தலையைக் குறி பார்த்து எறிஞ்சே!" என்றான் அவள் கணவன்.

மதியத்துக்குள் கரை நிறைந்துவிட்டது. புர்மாகான் மட்டும் கிடைக்கவில்லை.

"ஓமுர்பெக் பட்டறைக்குப் பின்னாடி, வளைவுல இருக்கிற குப்பை மேட்டுல சிக்கியிருக்கும்!" என்றாள் கனிஷாய். "டிராக்டரை அங்க கொண்டு வாங்க!"

அப்போதுதான் ஓடி வந்தான் ஓமுர்பெக். முகத்தில் ரத்தமே இல்லை.

"அங்க வேணாம் இன்ஸ்பெக்டரம்மா! பாம்பு இருக்கு!"

"இந்தக் குளிர்லயா?"

"அது... குளிர்ப் பாம்பு!"

கூட்டம் கொதித்தது.

"பொணத்த அங்கதான் பொதச்சிருக்கான்!"

டிராக்டர் உறுமியது. குப்பை மேடு சரிந்தது. உள்ளேயிருந்து தலைகாட்டியது...

ஒரு கை பருமனுக்கு இரும்புக் குழாய்! அதன் வாயிலிருந்து கொழகொழவென்று நீலச் சாயம்!

"இது என்னய்யா?"

ஓமுர்பெக் காலால் மண்ணைத் தள்ளிக் குழாயை மூடப் பார்த்தான்.

"சரி. இதை அவங்க பார்த்துட்டாங்க. அதனால தீர்த்துட்டே. கொலைக் கேஸ்!" கைவிலங்கை எடுத்தாள் கனிஷாய்.

"ஐயோ, இல்லம்மா!" பொத்தென்று மண்டியிட்டான். "குழாய் வெச்சது நாந்தான்! சாயம் விட்டது நாந்தான்! எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடறேன். ஆனா கொலை பண்ணல! அந்தப் பொம்பளையப் பார்த்தா நான்தான் ஓடி ஒளிவேன்!"

அழுகை நிஜமாகத்தான் இருந்தது. பொய் சொல்கிறவனுக்கு மூக்கு இப்படி ஒழுகாது.

இவன் கொல்லவில்லை என்றால்... அக்கா உயிரோடு இருக்கலாம்!

ஓமுர்பெக்கைக் கான்ஸ்டபிளிடம் ஒப்படைத்துவிட்டு கல்மாத்தின் வீட்டுக்கு ஜீப்பை விரட்டினாள். பாவம், மனுஷன் போன் செய்ததிலிருந்து வாசல்படியை விட்டு நகரவில்லை.

"சூயுஞ்சு, அண்ணே! சூயுஞ்சு!" தூரத்திலிருந்தே கத்தினாள்.

நல்ல சேதி கொண்டு வருபவர் அப்படித்தான் கூவ வேண்டும். கேட்டவர் கையில் கிடைத்த பரிசை முதலில் கொடுத்துவிட வேண்டும். அப்புறம்தான் சேதி.

கல்மாத் துள்ளி எழுந்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அவள் கையில் திணித்தார். முகமெல்லாம் பல்!

"குழாய் கெடச்சிடுச்சா?"

கனிஷாய் அப்படியே நின்றாள்.

"என்ன கேட்டீங்க?"

"அது... வந்து..."

"பெண்டாட்டியக் காணாம தவிக்கிற மனுஷன், நல்ல சேதின்னதும் என்ன கேக்கணும்? 'அவ உயிரோட இருக்காளா'ன்னு கேக்கணும்! நீங்க குழாயக் கேக்கறீங்க!"

கல்மாத் தொப்பியைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"அக்கா எங்க?"

"அத மட்டும் கேக்காதம்மா." அவர் பார்வை தரையில் இருந்தது. "ஆமா, நீ தொப்பலா நனஞ்சிருக்கே. வீட்டுக்குப் போய்த் துணி மாத்து. கண்டிப்பா போ."

கனிஷாய்க்கு எதுவோ சுருக்கென்றது.

வீட்டுக்குப் பறந்தாள். வாசலில் ரப்பர் ஷூக்கள். எல்லாம் ஜோடி ஜோடியாக.

ஒன்றைத் தவிர!

காலையில் காலில் இடறி உருண்டது இன்னும் மல்லாந்து கிடந்தது. முனையில் சைக்கிள் ட்யூப் ஒட்டு!

கதவைத் தள்ளினாள்.

மெத்தையில் சாய்ந்து, ரொட்டியில் பாலாடை தடவிக்கொண்டிருந்தாள் பிணம்! பக்கத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள் மாமியார்.

"வா மருமகளே!" என்றாள் மாமியார். "சூயுஞ்சு குடு. புர்மாகான் உயிரோட இருக்கா!"

"அத்தை!!! போலீசை ஏமாத்தினா என்ன தண்டனை தெரியுமா?"

"புகார் யாரு குடுத்தா?" புர்மாகான் வாயை மூடாமல் மென்றாள். "எங்க வீட்டுக்காரர் 'வீட்ல இல்ல'ன்னுதான் சொன்னார். நான் எங்க வீட்ல இல்லியே. உங்க வீட்லதான இருந்தேன்!"

"தலைக்குட்டை? ஷூ?"

"காத்து அடிச்சுது."

திட்டத்தான் வாயைத் திறந்தாள் கனிஷாய். வந்தது அழுகை. ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"செத்துட்டீங்கன்னு நெனச்சேன்கா! உங்களச் சிரிச்சு அனுப்பிட்டேனேன்னு..."

"ஆதாரம் கேட்டியேடி. கெடச்சுதா?"

"கெடச்சுது. அவனே கையெழுத்துப் போடறேங்கறான்."

"அப்ப அழாதே. சட்டையில நீலம் ஒட்டுது."

மாமியார் கோப்பையை நீட்டினாள்.

"ஆறு முடிஞ்சுது. அடுத்த சனிக்கிழமை சந்தைக்குப் பின்னாடி இருக்கிற சாக்கடை. அது இன்னும் நாத்தம். இந்தத் தடவை யாரு காணாமப் போறது?"

கனிஷாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வாய் டீ குடித்தாள்.

"நீங்களே போங்க, அத்தை..." என்றாள் பவ்யமாக. "நான் அவசரமே இல்லாம, நிதானமாத் தேடறேன்!"