வாலு அழவில்லை

வாலு அழவில்லை. தையல்காரிக்கு அதுதான் முதலில் உறுத்தியது. பல்வலியில் நாலு நாளாக வீட்டை ரெண்டாக்கிய அவள் பிள்ளை, மத்தியானத்திலிருந்து கப்சிப்பென்று கடையில் அவள் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பிறகு, வலி விட்டுப்போச்சு போல என்று அவளும் நிம்மதியாகத் தைத்தாள். சாயங்காலம் கிளம்பும்போது பார்த்தால் கன்னத்து வீக்கம் கன்னத்தில் இல்லை. தாடைக்குக் கீழே இறங்கி, கழுத்தை மறைத்துக்கொண்டு, கல்லாட்டம் இறுகிக் கிடந்தது.

ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு இது மூன்றாவது நடை. முதல் ரெண்டு தடவையும் வலிக்கு மருந்து கொடுத்து, பல் டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பல் டாக்டர் பகலில்தான் பார்ப்பார், பகலில் கடைக்காரர் விடமாட்டார். பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறது என்று அவளும் தள்ளிப்போட்டாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று அவள் பீற்றிக்கொண்ட பிள்ளை, போன தடவை டாக்டர் விரலைக் கடித்தே விட்டது. பிள்ளை வளர்க்கிற லட்சணமா இது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மானம் போயிற்று.

அதனால் இந்தத் தடவை வண்டியிலேயே சொல்லி வைத்தாள்.

"வாயத் திறந்து அழுதியோ, எல்லாப் பல்லையும் புடுங்கிடுவாங்க. சமத்தா இருந்தா வீட்டுக்குப் போயிடலாம்."

பிள்ளை தலையாட்டியது. காற்று படக்கூடாதென்று ஒரு பழைய துப்பட்டாவால் முகத்தோடு கழுத்தையும் சுற்றிக் கட்டிவிட்டாள். வாசலில் விவரம் கேட்ட நர்ஸ் வலிக்குதா பாப்பா என்றபோது, வாலு அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இல்லையென்று தலையை ஆட்டியது. உட்காருங்க, கூப்பிடுவோம் என்றாள் நர்ஸ். கட்டை அவிழ்த்துக் காட்டலாமா என்று தையல்காரியின் கை ஒரு கணம் எழுந்தது. பிள்ளை இவ்வளவு சமத்தாக இருக்கிறதே, பாவி மனசுக்குப் பெருமை தாங்கவில்லை. கை இறங்கிவிட்டது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இங்கே அழுத பிள்ளைக்குத்தான் டாக்டர். நெற்றி கிழிந்த பையன் கத்திக்கொண்டே உள்ளே போனான், பின்னாலேயே கை சுட்டுக்கொண்ட ஒன்று அலறிக்கொண்டு போனது. வாலு அம்மா மடியில் முன்னால் குனிந்து, தாடையை நீட்டி, வாயைப் பிளந்தபடி இருந்தது. அதன் எச்சில் நூலாக இறங்கி அவள் புடவையை நனைக்க, தரை துடைத்த பினாயில் நெடியையும் மீறி, அழுகின இறைச்சி மாதிரி ஒரு வாடை அந்தச் சின்ன வாயிலிருந்து வந்து அவள் மூக்கிலேயே தங்கியது. மேலே மின்விசிறி கடகடத்தது. அது நின்று நின்று சுற்றும் இடைவெளியில் வேறொரு சத்தம் கேட்டது. அடைத்த குழாயில் தண்ணீர் இறங்குகிற மாதிரி, மெல்லிசாக, இழுத்து இழுத்து. எங்கிருந்து வருகிறது என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

மடியிலிருந்துதான் வந்தது.

"தூக்கத்துலயே சாமியாடுது பாரு உன் பொண்ணு," என்றாள் பக்கத்தில் கையில் கட்டோடு இருந்த அக்கா. "அந்தக் கட்டில் காலியாதான் கிடக்கு. படுக்க வையேம்மா, பாவம்."

அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தினாள். வாலு துள்ளி எழுந்து உட்கார்ந்தது. மறுபடி கிடத்தினாள். மறுபடி எழுந்தது. கண் ரெண்டும் பிதுங்க அவள் ரவிக்கையைக் கொத்தாகப் பற்றிக்கொண்டு என்னவோ சொல்லப் பார்த்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. சொல் வரவில்லை.

எல்லோரும் பார்க்கிறார்கள். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"படுடி. டாக்டரக் கூப்பிடவா?"

பிள்ளை ரவிக்கையை விட்டது. தானாகவே மல்லாந்து படுத்தது. சத்தம் போடாமல் காலை உதைத்தது. அவள் தோளிரண்டையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஆராரோ பாடினாள். டியூப்லைட் வெளிச்சம் கண்ணில் குத்துமே என்று ஒரு உள்ளங்கையால் கண்களை மூடிவிட்டாள்.

கால் நின்றது.

குழாய்ச் சத்தமும் நின்றது.

"தூங்கிட்டா," என்றாள் அந்த அக்கா.

அப்பாடா என்றிருந்தது. தட்டிக்கொடுத்தாள். பாடினாள். பிள்ளையின் விரல் நகம் நீலமாக இருந்தது. குளிர்தான். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினாள்.

கூப்பிட்டார்கள். அவள் எழவில்லை. டாக்டரே வந்தார். வந்தவர் கட்டிலுக்கு நாலடி தள்ளி அப்படியே நின்றார்.

"மல்லாக்க யார் படுக்க வச்சது?"

அவள் உள்ளங்கைக்கு அடியில் என்னவோ குறுகுறுத்தது. இமை மயிர். இமை மூடவில்லை. கண் திறந்திருந்தது. ஈரமாக, அசையாமல், அவள் கையையே பார்த்துக்கொண்டு.

"கைய எடுங்கம்மா!"

நர்ஸ் ஓடிவந்தாள். யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்கள். அவள் விடவில்லை. உள்ளங்கையை இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டு, அடிக்குரலில் அவர்களைக் கெஞ்சினாள்.

"இப்பதாங்க தூங்கினா. சத்தம் போடாதீங்க."