ஏரோதுவின் சிப்பாய்

ஆஸ்டின் டவுன் கோயிலின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் இரண்டு வருடமாக, குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடும் ஏரோது ராஜாவாக நடித்தது ஜூடித். அவள் போடும் கத்தலில் முன்வரிசைப் பிள்ளைகள் நாற்காலியோடு பின்னால் நகர்வார்கள்.

1996இல் அந்த வேஷம் மலருக்குப் போய்விட்டது.

"புதுசா வந்தவளும் செய்யட்டும்மா. நீ சிப்பாயா நில்லு," என்றார் நாடகம் நடத்தும் கிறிஸ்டோபர் அண்ணன்.

மலர் கோலார் தங்கவயலிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் கிரீடம் அவள் தலையில்! ஜூடித்துக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு, ஒத்திகையில் மலர் கத்தவே இல்லை. சிரித்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள்.

"ராஜான்னா கத்தணும்டி!" என்றாள் ஜூடித்.

"என் ராஜா கத்த மாட்டான். அவன் மெதுவா பேசினாலே எல்லாருக்கும் பயம்."

'பயமா? எல்லாரும் சிரிக்கப்போறாங்க, பாரு' என்று ஜூடித் மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். சிரிக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டாள்.

நாடகத்தன்று அப்படியே நடந்தது. மலர் வாயைத் திறந்ததும் முன்வரிசையில் ஒரே சிரிப்பு.

"ராஜாவுக்குத் தொண்டை கட்டிடுச்சு! ஜோரா கத்து!" என்று ஒரு பையன் கூவினான்.

ஜூடித்துக்கு உள்ளுக்குள் இனித்தது. ஓரக்கண்ணால் மலரைப் பார்த்தாள். மலரின் உதடு துடித்தது. இன்னும் ஒரு நிமிடம் போனால் அழுதுவிடுவாள்.

இனிப்பு சட்டென்று கசந்தது.

ஏரோதுவின் வசனம் முழுவதும் ஜூடித்துக்கு மனப்பாடம். அவளே கத்திவிடலாம். ஆனால் அப்புறம் மலர் என்ன செய்வாள்? ராஜா கத்தாவிட்டால் என்ன, சிப்பாய் பயந்தால் போதாதா?

அவள் கையிலிருந்த ஈட்டி நடுங்கத் தொடங்கியது. அதன் அடி மேடைப் பலகையில் டக் டக்கென்று தட்டியது. அவள் பொத்தென்று மண்டியிட்டாள்.

"அ... அரசே... ஞானிகள் குழந்தை இருக்கும் இடத்தைச் சொல்லாமல் வேறு வழியாகப் போய்விட்டார்கள்... என்னை ஒன்றும் செய்யாதீர்கள்!"

சிரிப்பு நின்றது.

மலர் மெல்ல எழுந்து வந்தாள். குனிந்து, ஜூடித்தின் முகத்தருகே புன்னகைத்தாள்.

"ஏன் பயப்படுகிறாய்? எனக்குக் கோபமே இல்லையே."

கூவிய பையன் அம்மா மடியில் ஏறிக்கொண்டான்.

நாடகம் முடிந்ததும் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. திரைக்குப் பின்னால் மலர் ஓடிவந்து ஜூடித்தின் கையைப் பிடித்தாள்.

"நீ நடுங்கினதைப் பார்த்து எனக்கே என்மேல பயம் வந்துடுச்சு!"

ஜூடித் மலரின் தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றித் தன் தலையில் வைத்துப் பார்த்தாள். இன்னும் சரியாகத்தான் இருந்தது.

"அடுத்த வருஷம் நான்தான் ராஜா. நீ நடுங்கணும்."

"எனக்கு அப்படி நடுங்க வராதே!"

"நான் கத்தறப்போ தானா வரும்," என்றாள் ஜூடித்.