மூடிய குப்பிக்குள் ஒரு ரேகை

ரிங்லெட் டவுனிலிருந்து ஏறி வந்த வெள்ளைக் கார் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே பனிமூட்டத்தில் காணாமல் போவதும் மறுபடி தெரிவதுமாக வந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த பழைய பம்பு வீட்டின் வாசலில் காளியண்ணன் முதுகு வளையாமல் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், தோளில் மடித்த துண்டு. தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும் எஸ்டேட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மண்டோர்தான். இப்போது கோயில் தலைவரும் அவர்தான்.

அன்று எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்து ஜனம் பாதி அங்கே கூடியிருந்தது. காரணம் குழாய்த் தண்ணீர்.

மூன்று மாதமாக அது நினைத்த நேரத்தில் சிவப்பாக வந்தது. மழை பெய்தால் சரி என்று விடலாம். வெயில் காயும் நாளிலும் வந்தது. "குழாயைத் திறந்தா கடையில ஆத்துற தே தாரேக் வருது, சீனிதான் நாம போட்டுக்கணும்" என்று கோயில் கூட்டத்தில் புவனேஸ் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவன் அடுத்துச் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. "நமக்குத் தண்ணி வர்ற ஓடைக்கு மேல மலையை வெட்டித் தோட்டம் போட்டது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்லா."

அங்கே காய்கறித் தோட்டம் போட்டிருந்தவன் காளியண்ணனின் மகன் கோகிலன். காளியண்ணன் மேசையில் கையை அறைந்து எழுந்தார். மெஷின் கொண்டு வந்து தண்ணீரைச் சோதிப்போம், மெஷின் சொல்லட்டும், அதற்குப் பிறகு என் குடும்பத்தைப் பற்றிப் பேச எவனுக்கும் நாக்கு இருக்கக்கூடாது என்றார்.

காரிலிருந்து இறங்கிய பெண்ணின் பெயர் ப்ரியா. ஈப்போவில் ஆய்வுக்கூடக் கருவி விற்கும் கடையிலிருந்து வந்தவள். பம்பு வீட்டு மேசையைத் துடைத்து, ஆடாமல் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து, பெட்டியிலிருந்து மெஷினை எடுத்து வைத்தாள். சோற்றுப் பாத்திரம் அளவுதான் இருந்தது. நடுவில் ஒரு குழி, அதற்கு மூடி, முன்னால் எண் காட்டும் சின்னத் திரை.

"இதுக்குள்ள ஒரு விளக்கு இருக்குங்கய்யா. தண்ணியில தூசி இருந்தா வெளிச்சம் அதுல பட்டுப் பக்கத்துல சிதறும். எவ்ளோ சிதறுதுன்னு மெஷின் எண்ணும். அஞ்சுக்குள்ள வந்தா குடிக்கலாம்."

காளியண்ணன் தலையசைத்துவிட்டு, தயாராகக் கொண்டுவந்திருந்த தட்டை எடுத்தார். புது லாரிக்குச் செய்வது போலவே மெஷினுக்குச் சூடம் காட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்தார். ப்ரியா தடுப்பதற்குள், வரிசையாக இருந்த கண்ணாடிக் குப்பிகளுக்கும் ஆளுக்கொரு பொட்டு விழுந்துவிட்டது.

"ஐயோ, குப்பிக்கு வேணாங்கய்யா! மெஷினுக்குப் பொட்டும் ஒண்ணுதான், சேறும் ஒண்ணுதான். கைரேகை பட்டாலே எண் ஏறிடும்."

"சாமியையே சேறுங்குது மண்டோரே உங்க மெஷினு" என்று புவனேஸ் வாசலிலிருந்து சொன்னான். சிரிப்பு எழுந்தது. காளியண்ணன் சிரிக்கவில்லை.

ப்ரியா ஒவ்வொரு குப்பியாகத் துடைத்தாள். தொழிற்சாலையிலேயே அடைத்து முத்திரையிட்ட குப்பிகளைத் தனியாக வைத்தாள். அவற்றுக்குள் இருப்பது அளவு தெரிந்த திரவம். மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று அவற்றை வைத்துத்தான் பார்ப்பார்கள். பார்த்தாள். சரியாக இருந்தது.

பிறகு குழாய்த் தண்ணீர். குமிழி வராமல் குப்பியில் மெதுவாக ஊற்றி மூடினாள். குளிர்ந்த கண்ணாடியில் மூச்சுப் பட்டது போல ஆவி படிந்தது. அது போகும்வரை பொறுத்திருந்து, துடைத்து, குப்பியின் வெள்ளைக் கோடு மெஷினின் கோட்டுக்கு நேராக வரும்படி இறக்கினாள்.

இரண்டு என்று காட்டியது.

"நல்ல தண்ணிங்கய்யா."

காளியண்ணனின் மார்பு விரிந்தது. "பாத்தியாடா புவனேசு? கிட்ட வந்து பாரு. என் கையாலயே காட்டுறேன்." அவர் குப்பியை எடுத்தார், அவள் செய்தது போலவே துடைத்தார், கோடு பார்த்து இறக்கினார்.

நாற்பது.

"சந்தனக் கை" என்றார் அவசரமாக. வெளியே போய் சோப்புப் போட்டுக் கழுவி வந்தார். மறுபடி வைத்தார்.

முந்நூறு.

ப்ரியா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் கையில் தண்ணீர் தெளிவாக இருந்தது. அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். அடியிலிருந்து செம்மண் புகைபோல எழுந்து வந்தது.

பம்பு வீட்டுக்குள் ஒரு வாசனை பரவியது. அப்போதுதான் வெட்டிய ஈரமண்ணின் வாசனை.

அவருக்குக் கோபம் வந்தது. முத்திரையிட்ட குப்பி ஒன்றை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினார். "இது மூடுன குப்பி. தொழிற்சாலையில மூடுனது. இதுக்கு என்ன சொல்லுது இந்த மெஷினு, பாப்போம்!"

அதுவும் அவர் கையில் சிவந்தது.

மெதுவாக. வெந்நீரில் தேயிலைச் சாயம் இறங்குவது போல.

பிறகு கண்ணாடியின் உட்புறத்தில் ஏதோ வந்து ஒட்டியது. வெளியே இருந்தால் துடைக்கலாம். அது உள்ளே இருந்தது. ஒரு கட்டைவிரல் ரேகை. கோடு கோடாகத் தெளிவாக இருந்தது. மேல்பாதி மட்டும் இல்லை.

ப்ரியா சுவரோரம் ஒதுங்கினாள்.

காளியண்ணனுக்கு அந்த விரலைத் தெரியும். தேயிலை வெட்டும் மெஷினில் கட்டைவிரல் நுனியைக் கொடுத்தவன் சின்னக்கருப்பன். பிறகு கோகிலனின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான். போன மழைக்காலத்தில் ஒருநாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. லாரிக்காரனோடு சிங்கப்பூருக்கு ஓடிவிட்டான் என்று கோகிலன் சொன்னான். அவன் தாய் இராசம்மா கோயிலில் வந்து அழுதபோது, எல்லோர் முன்னாலும் காளியண்ணன் சொன்னார்: "ஓடுகாலியைப் பெத்துட்டு எங்க வீட்டு வாசல்ல ஏன் தேடுற?"

அந்த வார்த்தை இப்போது அவர் வாயில் மண்ணாக நறநறத்தது.

கூட்டத்தில் கோகிலனும் இருந்தான். அவர் அவனை உள்ளே கூப்பிட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றபடி குப்பியை நீட்டினார்.

"பிடிடா."

அவன் கையை நீட்டவில்லை.

"பிடி."

"வேணாம்ப்பா."

"என்னடா பண்ணுன?"

கோகிலனின் குரல் பம்பின் முனகலுக்கும் கீழே ஒலித்தது. "மழையில மண்ணு சரிஞ்சிருச்சுப்பா. அவன் கீழ நின்னுக்கிட்டு பைப்பு மாட்டிக்கிட்டு இருந்தான். பெர்மிட் இல்லாம வெட்டுன மலை... வெளிய தெரிஞ்சா நம்ம பேரு என்னாகும்? எக்ஸ்கவேட்டர வச்சு அவன் மேலயே நிரவிட்டேன்."

"அப்புறம்?"

"கோஸு நட்டேன்."

நம்ம பேரு. இந்தச் சொல்லை அவனுக்குப் பால்குடி வயதிலிருந்து ஊட்டியது யார் என்று காளியண்ணனுக்குத் தெரியும். அந்தத் தோட்டத்து முட்டைக்கோஸை வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறார். இனிப்பாக இருக்கிறது என்று அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"மண்டோரே."

இராசம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். ஒடுங்கிப்போன உடம்பு, தலையில் கம்பளித் துணி. "என்னா நம்பரு வந்துச்சு? எல்லாரும் கேக்குறாங்க."

அவர் குப்பியை உள்ளங்கைக்குள் மறைத்தார். இவ்வளவு தெரிந்த பிறகும் அவர் நாக்கு வேறு பக்கம்தான் போனது.

"பொட்டு பட்டுருச்சு. வேற ஒண்ணுமில்ல."

பின்னால், யாரும் திறக்காத குழாய் ஓடத் தொடங்கியது. சிவப்பாக.

அவர் விரல்கள் தாமாகத் தளர்ந்தன. விழவிருந்த குப்பியை இராசம்மா பிடித்துக்கொண்டாள். அவள் கைக்குப் போனதும் உள்ளே சிவப்பு அடங்கி, நல்ல தண்ணீராக நின்றது. ரேகை மட்டும் இருந்தது. அவள் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வெளிப்புறத்திலிருந்து, அந்தப் பாதி விரலின் மேல் தன் விரலை வைத்தாள்.

அழவில்லை.

"எங்க இருக்கான் மண்டோரே?" என்றாள்.

வெளியே கூடியிருந்த ஜனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. புவனேஸின் முகத்தில் கேலி இல்லை. அவன் கேலியே செய்திருந்தால் தேவலை என்று காளியண்ணனுக்குத் தோன்றியது.

தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். துரைமார் முன்னால்கூட அவர் அப்படி நின்றதில்லை.

"மேல" என்றார். மறுபடி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "மேல. கோஸுப் பாத்தியில. உன் மகன் ஓடல, இராசம்மா."

கோகிலன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

போலீஸ் வந்தது. தோண்டினார்கள். எடுத்தார்கள். பெயரைச் சொல்லி, பறையடித்து, லயமே திரண்டு சின்னக்கருப்பனை அடக்கம் செய்தது. கூட்டத்தின் கடைசியில் காளியண்ணன் துண்டு இல்லாமல் நடந்து போனார். யாரும் அவரைப் போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை. கோகிலன் லாக்கப்பில் இருந்தான். கோயில் சாவியை அவரே கொண்டுபோய் புவனேஸின் வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு லயத்துக் குழாய்களில் தண்ணீர் கலங்கவே இல்லை.

ப்ரியா மறுபடி வந்து மெஷினைச் சோதித்தாள். போகும் வழியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை.

"மெஷின்ல ஒரு குறையும் இல்லைங்கய்யா. எல்லா வீட்டுத் தண்ணியும் பாத்துட்டேன். நல்லாயிருக்கு. உங்க வீட்டுது மட்டும் பாக்கல. எடுத்துக்கவா?"

"வேணாம்மா" என்றார்.

கார் பனிக்குள் போய் மறைந்தது. அவர் சமையலறைக்குப் போய்க் கண்ணாடித் தம்ளரைத் தேய்த்துக் கழுவினார். உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தார். குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்தார். தெளிவாகத்தான் விழுந்தது.

மேசையில் வைத்துக் காத்திருந்தார்.

ஈரமண் வாசனை முதலில் வந்தது.

பிறகு கண்ணாடியின் உட்புறத்தில், தினமும் வரும் அதே இடத்தில், பாதி விரல் வந்து ஒட்டியது.

அவர் அதைத் துடைக்கவில்லை. தம்ளரை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.