புள்ளிக்கு அப்புறம் பதினாலு

"மிஞ்சிப்போனா ரெண்டு மணி நேரம். அப்புறம் தண்ணி தலைக்கு மேல போயிரும்" என்று கையை விரித்துவிட்டார் மேஸ்திரி.

மண்சரிவு சுரங்க வாசலை மூடிவிட்டது. உள்ளே ஏறிவரும் தண்ணீரில் நாலு பேர். ஒருவன் அமலியின் அண்ணன் சவரி. மலைக்குப் பின்புறம், சுரங்கத்துக்குள் இறங்கும் பழைய காற்றுக்குழி ஒன்று உண்டாம். எந்தப் புதருக்குள் என்பது சுரங்க அளவைப் புத்தகத்தின் வரைபடத்துக்குத்தான் தெரியும். புத்தகம் இருப்பதோ கம்பெனி நூலகத்தில். நூலகமும் அதே மழையில் பாதி சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது!

"நீ வெளிய நில்லு புள்ள" என்றார் ஜீப் ஓட்டும் தாவூது.

"சும்மா வாங்கண்ணே!" ஜன்னல் வழியே உள்ளே குதித்தாள் அமலி.

தரை அசைந்தது. இழுப்பறையைப் பிடுங்கி நூல்பட்டியல் அட்டைகளைப் புரட்டினாள். கிடைத்துவிட்டது, எண் 622.14! எதிர் அலமாரியில் ஒரு புத்தக முதுகில் 622.8 என்றிருந்தது.

"எட்டு இங்க. அப்ப பதினாலு அந்தாண்ட!"

அந்தாண்ட உத்தரம் விழுந்து கிடந்தது. இருவரும் அதைப் புரட்டித் தள்ளினார்கள். தாவூதின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. ஈரப் புத்தகங்களை வாரி வாரிப் பார்த்தால் எல்லாமே 623, கோட்டையும் பீரங்கியும் பற்றியவை! அரை மணி நேரம் பாழாய்ப் போனது.

சோர்ந்து திரும்பியவள் அப்படியே நின்றாள். 622.33, அதற்கு அடுத்து 622.4. முப்பத்து மூன்றுக்குப் பிறகு நாலா?

"அண்ணே, அது பதினாலு இல்ல! ஒண்ணு, நாலு! புள்ளிக்கு அப்புறம் ஒவ்வொரு எண்ணாத்தான் பாக்கணும். ஒண்ணுல தொடங்குறது எட்டுக்கு ரொம்ப முன்னாடி!"

வரிசையின் தொடக்கத்திலேயே, நனையாமல், இருந்தது அந்தப் புத்தகம்.

காற்றுக்குழியில் கயிறு இறங்கியது. மூன்று பேர் உயிரோடு ஏறினார்கள். நாலாவது ஆள் பொன்னுரங்கம் உயிரோடு வரவில்லை.

"ஆளு குள்ளம்னு தண்ணிக்கு மேல தூக்கிப் புடிச்சிருந்தேன் அமலி. கை விட்டுப்போச்சு" என்று அழுதான் சவரி. "இப்பத்தான், கால் மணி நேரம் இருக்கும்."

ஊரே அமலியைக் கொண்டாடியது. பொன்னுரங்கத்தின் மனைவிகூட அவள் கையைப் பற்றிக்கொண்டு, "நீ இல்லன்னா உடம்புகூடக் கெடச்சிருக்காது தாயி" என்றாள்.

அமலியால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, அரை மணி நேரம் தப்பான எடத்துல தேடிட்டேன். எண்ணைத் தப்பாப் படிச்சிட்டேன்."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டாள்.