ஒவ்வாமை: இல்லை

இறந்து பதினொரு நாளான பெண்ணின் நாடித்துடிப்பு திரையில் தொண்ணூற்றாறு என்று இருந்தது.

பதிவறை மேற்பார்வையாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். தொண்ணூற்றெட்டு. விடுமுறை நாளின் மதியம். மருத்துவமனையின் அந்தத் தளத்தில் வேறு ஆள் இல்லை, ஏசி இழுத்து இழுத்து மூச்சுவிடும் சத்தமும், கட்டிப்போட்ட பழைய கோப்புகளின் புழுதி வாடையும், அதற்கடியில் எங்கிருந்தோ கசியும் ஊசிமருந்து நெடியும் மட்டும்தான்.

சில மாதங்களுக்கு முன் காகிதக் கோப்புகளைக் கணினியில் ஏற்றினார்கள். ஒவ்வாமைக் கட்டத்தைக் காலியாக விட்டால் பக்கத்தைச் சேமிக்க முடியாது. ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க நாளாகும். "எல்லாத்துக்கும் மொத்தமா 'இல்லை'ன்னு அடிச்சுவிடு" என்று அன்று சொன்னார். தட்டச்சுப் பெண் மறுத்தாள். அவரே அடித்துவிட்டார். இறந்துபோன இந்த நோயாளியின் கோப்பு அட்டையில், பென்சிலின் ஆகாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. திரையை நம்பி ஊசி போட்டார்கள். தொண்டை வீங்கிச் செத்தாள். நாளை விசாரணை. பதிந்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எடுத்துவிட்டுத் தட்டச்சுப் பெண்ணின் பெயரைப் போடத்தான் இன்று வந்திருந்தார்.

போனில் அவளிடம் குழைந்தார். "நீதான் போட்டேன்னு சொல்லிடும்மா. சின்னப் பொண்ணு, மன்னிச்சு விட்டுடுவாங்க."

"எங்க வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நான் சார். உங்க பாவத்தை என் தலையில கட்டாதீங்க."

"ரொம்பத் துள்ளாத."

"நான் எங்க சார் துள்ளுறேன்? உங்க பக்கத்துல யாரோ மூச்சுக்குத் திணறுறாங்களே, அவங்ககிட்ட கேளுங்க." வைத்துவிட்டாள்.

அவள் பெயரை அடித்தார். அழிந்தது. மறுபடி அடித்தார். அழிந்தது. நோயாளி இருக்குமிடம் என்ற வரி தானாக மாறத் தொடங்கியது. பிணவறை. படிக்கட்டு. பதிவறை.

கதவு திறக்கவில்லை. நெடி மட்டும் கூடியது.

புதுப் பக்கம். நோயாளி: அவர். ஒவ்வாமை: இல்லை. மருந்து: பென்சிலின். தோளுக்குக் கீழே சுருக்கென்றது.

கட்டங்கள் ஒவ்வொன்றாக டிக் ஆயின. தடிப்பு. கழுத்து அரித்தது. உதடு வீக்கம். பல்லில் உதடு முட்டியது. தொண்டை அடைப்பு. கத்தினார். சத்தம் வரவில்லை.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. ஊதிப்போன கை. மணிக்கட்டுச் சதைக்குள் நோயாளிப் பட்டை புதைந்திருந்தது. இறப்பு நேரம் என்ற கட்டத்தில் அதன் விரல் நிதானமாக 3:42 என்று அடித்தது.

திரையின் மூலையில் மணி 3:31.

பிறகு அந்தக் கை அவர் நாற்காலியை மெதுவாகத் தன் பக்கம் திருப்பியது.